கிழக்கே கொஞ்சம் கனம்

தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனதிலிருந்து, அந்த வீட்டில் டெலஸ்கோப் என்ற பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சொத்துத் தகராறு என்றாலாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம். இது கிரீஸ் தகராறு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அவள் கணவர் பல் செய்கிறவர். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருந்தும் பல்லை இவர் பட்டறையில் உட்கார்ந்து செய்து கொடுப்பார். ஒரு முடி நுழைகிற சந்து தெரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு எதையும் தட்டி, உலுக்கி, காதை வைத்துக் கேட்டால்தான் திருப்தி. இப்படிப்பட்ட இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியதுதான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் டெலஸ்கோப். அத்தானும் மைத்துனனும் அதன் கீழே உட்கார்ந்துவிட்டால், அவள் கீழேயிருந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போகும்.

நட்சத்திரத்தைப் படம் பிடிப்பது கல்யாணத்தில் போட்டோ எடுப்பது மாதிரி இல்லை. கேமரா நிமிடக் கணக்கில் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அதற்குள் பூமி சுற்றிவிடுகிறதே! அதனால் டெலஸ்கோப்பைச் சுமக்கும் மவுண்ட், பூமிக்கு ஈடுகொடுத்து எதிர்ப்பக்கமாக மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள்ளே ஒரு பல்சக்கரம், அதை உந்தும் ஒரு திருகுத்தண்டு. இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால் நட்சத்திரம் புள்ளியாக விழும். இல்லையென்றால் கோடாக இழுத்துக்கொள்ளும்.

மழை விட்ட பிறகு அந்த மவுண்ட் முனகத் தொடங்கியது. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து, துடைத்து, புதுக் கிரீஸ் பூசி மாட்டினான். அன்று இரவே படம் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் சீரகம் மாதிரி நீண்டு கிடந்தது. வேடிக்கை பார்க்க வந்த நண்பர்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்களை வைத்துக்கொண்டு கணவர் சொன்னார்: "லிஃப்ட்டுக்குப் பூசுறத இதுல பூசிட்டான். பத்து பேரத் தூக்குற இரும்பும் இதுவும் ஒண்ணுன்னு நெனச்சிட்டான் போல."

நண்பர்கள் சிரித்தார்கள். தம்பி கையைத் துடைத்த துணியை மடித்துச் சுவர்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். அதோடு சரி.

நேற்று அவளாகத்தான் போன் செய்தாள்.

"வந்துட்டுப் போடா. எத்தன நாளைக்கு இப்படி?"

"வரலக்கா. வாரக் கடைசியில வேற ஊர் சைட்டுக்குப் போறேன். புதுக் கட்டடம், எல்லா லிஃப்ட்டும் நாங்கதான் போடுறோம். ஒரு வருஷம் ஆகும்."

"சொல்லவே இல்ல?"

"யாருகிட்ட சொல்றது? எனக்குத்தான் கிரீஸுக்கும் கிரீஸுக்கும் வித்தியாசம் தெரியாதே."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதுதான் அவளைக் கலக்கியது. கத்தினால் அவனுக்குக் கோபம் ஆறிவிடும். சிரித்தால் உள்ளே இறுகிவிட்டது என்று பொருள். இந்தச் சிரிப்போடு ஒரு வருடம் போனால், பிறகு அவன் நல்லது கெட்டதுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுந்து போகிற விருந்தாளி ஆகிவிடுவான்.

இன்று கணவர் பட்டறையில் அவசர வேலையாக இருந்தார். இருட்டத் தொடங்கியதும் அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தனியாக மாடிக்குப் போனாள். இத்தனை வருடம் டார்ச் பிடித்ததில் எந்த ஒயரை எங்கே செருகுவது என்று அவளுக்குத் தெரியும். கிழக்கே ஏறிக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரத்தை நடுவில் நிறுத்தினாள். திரையில் கோடு ஓடத் தொடங்கியது. நட்சத்திரம் இந்தப் பக்கம் நழுவினால் கோடு ஏறும், அந்தப் பக்கம் நழுவினால் இறங்கும். நழுவியதை இழுத்து நிறுத்த மவுண்டுக்குக் கணினி உத்தரவு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கோடு என்றால் அவளுக்குப் பயமில்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பதுதான் அவள் வேலை. நாள் முழுக்கப் பிறர் இதயம் கிறுக்குவதைப் பார்க்கிறவள். குளிரில் நடுங்குகிறவரின் கோட்டையும் நெஞ்சு வலிக்காரரின் கோட்டையும் கலந்து வைத்தாலும் பிரித்துவிடுவாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கிரீஸ் கெட்டியாகிப் பிடிக்கிறதென்றால் கோடு எப்படி இருக்க வேண்டும்? தயங்கித் தயங்கி ஒரே பக்கமாகத்தானே பின்தங்க வேண்டும்? இது அப்படி இல்லை. மேலே போய்ச் சற்று நேரம் சும்மா கிடந்தது. திடீரென்று கீழே விழுந்து அங்கே கிடந்தது. மறுபடியும் மேலே. தொட்டிலில் படுத்த குழந்தை இந்த ஓரமும் அந்த ஓரமும் புரளுகிற மாதிரி.

பிடிப்பு இருக்கும் பொருள் இப்படிப் புரளாதே என்று தோன்றியது. அந்த நினைப்போடு எடைக்கல்லைப் பார்த்தாள்.

டெலஸ்கோப் ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் அதற்குச் சமமாக ஒரு தண்டில் இரும்பு எடைக்கல் மாட்டியிருக்கும். தம்பி மாட்டினால் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் முடுக்கிவிடுவான். அன்று மவுண்டைத் திரும்ப மாட்டிய பிறகு, "நகரு, நான் வைக்கிறேன்" என்று கணவர்தான் வைத்தார். தள்ளினார், பின்னுக்கு இழுத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தால் தட்டினார். கடைசியில் இரண்டு பக்கமும் துளிகூட வித்தியாசமில்லாமல் நின்றபோது, பொக்கை வாய்க்காரருக்குப் பல் பொருந்திவிட்ட மாதிரி அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி!

ஆக, அன்று மாறியது ஒன்றல்ல, இரண்டு. இரண்டில் ஒன்றைத்தான் எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

பல்சக்கரம் சுற்ற வேண்டுமென்றால் பல்லுக்கும் திருகுக்கும் நடுவே இம்மியளவு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தால் சக்கரம் எதன்மேல் சாய்வது? அந்தச் சந்துக்குள்ளேயே இப்படியும் அப்படியும் அலையும். ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தால் அந்தக் கனமே பல்லைத் திருகோடு ஒட்டவைத்துவிடும்.

டெலஸ்கோப் மேற்கிலும் எடைக்கல் கிழக்கிலும் இருந்தன. கல்லைப் பிடித்திருந்த நட்டைத் தளர்த்தி, அதை ஒரு விரல் அகலம் வெளியே தள்ளி முடுக்கினாள். கை விட்டுப் போயிருந்த நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

கோடு ஓடியது. சின்னச் சின்ன நடுக்கம் இருந்தது, புரளல் இல்லை.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக ஒரு கெட்ட யோசனை வந்தது. கல்லை இப்படியே விட்டுவிட்டு, "ஓடி ஓடி கிரீஸ் தானா இளகிடுச்சு போல" என்று சொல்லிவிட்டால்? கணவர் நம்புவார். வீட்டில் ஒரு வாக்குவாதம் மிச்சம். ஆனால் கிரீஸ்மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். தம்பி அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஊருக்குப் போவான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரக் கேட்டு இதத் தொட்ட?" மூச்சு வாங்க ஏறிவந்த கணவர் திரையைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "என்ன பண்ணின?"

"எடைக்கல்ல நகர்த்தினேன்."

"அப்போ சமம் கெட்டுப்போச்சே!"

"கெட்டதாலதாங்க நிக்குது."

"காத்து நின்னிருக்கும். அதான்."

"சரி. நீங்களே பழைய இடத்துல வச்சுப் பாருங்க."

அவர் வைத்தார். கோடு புரண்டது. காற்றா என்று நிமிர்ந்து கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கல்லை அவள் வைத்த இடத்துக்கே தள்ளினார். கோடு அடங்கியது. இன்னொரு முறையும் செய்து பார்த்தார். அவள் குறுக்கே பேசவில்லை. மெஷின் முன்னால் படுத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது அவள் தொழிலின் பழக்கம்.

"துளி வித்தியாசம் இருந்தாலும் தப்புன்னே நெனச்சுட்டேன்" என்றார் கடைசியில், எடைக்கல்லிடம் சொல்வது போல. பிறகு அவளிடம், "உன் தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

"நான் ஏன் சொல்லணும்? நாலு பேர் முன்னாடி பேசினது நானா?"

அவர் தொட்டியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அழைத்தார். அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"சொல்லுங்க அத்தான்" என்றான் தம்பி. பின்னால் இரும்பு தட்டும் சத்தம்.

"வேலையா இருக்கியா?"

"லிஃப்ட் மேல நிக்கிறேன். சொல்லுங்க."

"தப்பு கிரீஸ்ல இல்லடா."

இரும்புச் சத்தம் நின்றது. "வேற எதுல?"

"எடைக்கல்லுல. ரொம்பச் சரியா வச்சதால வந்த வினை."

"ஓ." பிறகு நிதானமாகக் கேட்டான்: "யாரு வச்சது?"

அவனுக்குத் தெரியாததா? அவள் கணவரின் முகத்தையே பார்த்தாள். 'அன்னைக்கு வச்சது' என்று ஆளில்லாமல் ஒரு வாக்கியம் சொல்லித் தப்பித்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள்.

"நான்தான்டா வச்சேன்" என்றார். "பழிய உன்மேல போட்டதும் நான்தான். அந்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுறேன்."

மறுமுனையிலிருந்து 'பரவாயில்ல' என்றும் வரவில்லை, 'இப்பவாவது தெரிஞ்சுதா' என்றும் வரவில்லை. யாரோ அவனைக் கூப்பிட, "இருடா, வர்றேன்" என்று அதட்டினான். வைத்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"எந்தப் பக்கம் கனம் குடுத்தீங்க?" என்றான்.

"கிழக்க."

"எவ்வளவு?"

கணவர் போனை அவளிடம் நீட்டினார். "இவ நகர்த்தினது. இவளையே கேளு."

"அக்காவா?" தம்பியின் குரல் ஏறியது. "அய்யய்யோ, அப்ப நட்டச் சரியா முடுக்கியிருக்க மாட்டா. கல்லு கால்ல விழுந்துடப் போகுது. தொடாதீங்க ரெண்டு பேரும். நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

"போடா" என்றாள் அவள். போனைக் கணவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நட்டை இன்னொரு முறை முடுக்கப் போனாள்.