எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்

“போதும்டி, எழுந்து வா. எல்லாரும் பாக்கறாங்க.”

அக்காவுக்கு மானப் பிரச்சினை. எனக்கு வயிற்றுப் பிரச்சினை. டாக்டர் அறை வாசலில் இருக்கும் இந்த பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு நான் எழுவதாக இல்லை.

மாதவிலக்கு வந்தாலே இடுப்புக்குள் யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி வலி. பள்ளிக்கூட நாளிலிருந்தே. “எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதானே” என்றார் அம்மா. டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள், பீஸ் வாங்கிக்கொண்டு. எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்று நானே தேடிப் படித்தேன். கருப்பைக்குள் இருப்பது மாதிரியான திசு வெளியே வளருமாம். சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகுமாம். அதற்கான நிபுணரைக் கம்பெனி இன்ஷூரன்ஸில் பார்க்க வேண்டும் என்றால் இந்த டாக்டர்தான் கடிதம் கொடுத்து அனுப்பி வைக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் காரியத்தைக் கெடுத்தது என் வாய்தான். நான் வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கிறவள். நாள் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, திட்டுகிறவர்களிடம் தேன் ஒழுகப் பேச வேண்டும். அந்தக் குரல் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. “வலி எப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டால், “கொஞ்சம் இருக்கு டாக்டர், அவசரம் ஒண்ணும் இல்ல” என்பேன். போன தடவை கிளம்பும்போது, “உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?” என்று அவரையே கேட்டுத் தொலைத்தேன்!

இன்றும் உள்ளே போனதும் அப்படித்தான் குழைய ஆரம்பித்தேன். அக்கா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

“டாக்டர், இங்க இளிச்சிக்கிட்டு இருக்கா. வீட்டுல பாத்ரூம் தரையில சுருண்டு கிடப்பா.”

“ஸ்கேன் சரியாத்தானேம்மா இருக்கு? டென்ஷனைக் குறைங்க. அதே மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த வசனம் எனக்கு மனப்பாடம். ‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்’ என்று தினமும் நானே சொல்கிறேன். அதைக் கேட்டு நன்றி சொல்கிறவர்கள் வீட்டுக்கு மெக்கானிக் போகவே மாட்டார். போனை வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் வீட்டுக்குத்தான் போவார்.

“ஸ்கேன் சரி டாக்டர். நான் சரியில்ல. நிபுணர்கிட்ட அனுப்புங்க. முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் போக மாட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வெளிய உக்காருங்க. கூப்பிடறேன்.”

எனக்குப் பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“அவரைப் பகைச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போற? மன்னிப்பு கேட்டுட்டு அடுத்த வாரம் வரலாம்.”

“மன்னிப்பு கேக்க எனக்குக் கம்பெனி சம்பளம் தருது. இங்க யாரு தர்றா?”

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “நீங்க இன்னும் போகலையா?”

“இல்ல சிஸ்டர். லைன்லதான் இருக்கேன்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. உள்ளே ஏதோ பேச்சு கேட்கிறது, என்னைப் பற்றித்தானா தெரியவில்லை. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னை முறைத்தபடி நிற்கிறாள்.

நீங்களே சொல்லுங்க, நான் பண்றது சரிதானே? நீங்களா இருந்தா எழுந்து போயிருப்பீங்களா?