பித்தப்பை இயல்பு

ஸ்கேன் படம் பார்க்கும் இருட்டறையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். ரேடியாலஜி மேற்படிப்பில் இரண்டாம் வருஷம். மற்றவர்கள் ஒரு ஸ்கேனைத் திறந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே இவள் இரண்டை முடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

வேகத்துக்குக் காரணம் பெரிய வித்தையொன்றுமில்லை. எல்லா உறுப்புக்கும் 'இயல்பு' என்று முன்பே எழுதிவைத்த ரிப்போர்ட் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கும். கோளாறு இருக்கிற வரியை மட்டும் மாற்றினால் போதும். "ரெடிமேட் சட்டைதான், வேண்டாங்கல. ஆனா போட்டுக்கறவனுக்கு ரெண்டு கையும் இருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க," என்று பேராசிரியர் அடிக்கடி சொல்வார். மின்னல் சிரித்துக்கொள்வாள். போன மாதம் ஓர் ஆணுக்குக் கர்ப்பப்பை இயல்பு என்று எழுதிவிட்ட முதல் வருஷத்துக்காரனை, "பிரசவம் எப்போ?" என்று கேட்டுக் கேட்டு அழவைத்தவளே அவள்தான்.

அப்பாவுக்கு வயிற்று வலி வந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், லேசில் வலி என்று வாய் திறக்கிற ஆளில்லை. அவரே சொன்னதும் அவள் தாமதிக்கவில்லை. அழைத்து வந்து ஸ்கேன் எடுக்கவைத்தாள். சொந்தக்காரர்களின் படத்தைத் தாங்களே படிக்கக் கூடாது என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அவளுக்குப் பொறுக்கவில்லை, தானே திறந்து படித்தாள். கணையத்தில் கட்டியிருக்குமோ என்ற பயத்தில் படத்தில் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கட்டி இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். கை தானாக ரெடிமேட் ரிப்போர்ட்டை இழுத்துப் போட்டது. மின்னலின் ரிப்போர்ட்தானே என்று பேராசிரியரும் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணுமே இல்லப்பா, எல்லாம் நார்மல்," என்று போனில் சொன்னாள்.

மறுநாள் வயிற்று டாக்டரின் அறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா ஐயா?"

அப்பா மகளை ஒரு கணம் பார்த்தார். "இல்ல டாக்டர்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டு ஷோகேஸில், அவள் வாங்கிய மெடல்களுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. அதற்குள் இருப்பது அப்பாவின் பித்தப்பையை அறுத்தெடுத்தபோது கிடைத்த கற்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் குலுக்கிப் பார்த்து, அந்த ஆபரேஷன் கதையை முழுசாகக் கேட்காமல் தப்பித்ததே கிடையாது. அந்த மனுஷரா இல்லை என்கிறார்?

அப்புறம்தான் டாக்டர் கையிலிருந்த தாள் கண்ணில் பட்டது. பித்தப்பை இயல்பு. கீழே அவள் பெயர். அப்பா அதை முன்பே படித்திருக்கிறார். அவருக்கு நன்றாகத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷ் வார்த்தைகளில் பித்தப்பைக்கு உள்ள 'கால்பிளாடர்' என்பதும் ஒன்று.

"அப்ப கேஸ் தொந்தரவாத்தான் இருக்கும், மாத்திரை தரேன். எதுக்கும் படுங்க, அமுக்கிப் பாத்துடறேன்."

"வேணாம் டாக்டர், இப்ப வலியே இல்ல." அப்பா சட்டையின் கீழ்நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டால் அப்பா கேஸ் மாத்திரையோடு வீட்டுக்குப் போவார். திறந்தால் மானம் போகும். இதற்குப் போய் ஒரு கணம் யோசித்தாளே, அதை நினைத்துத்தான் அவள் அதிகம் கூனிக் குறுகினாள்.

"டாக்டர், அப்பாவுக்குப் பித்தப்பையே கிடையாது. எடுத்தாச்சு. நான் பாக்காம எழுதிட்டேன்."

டாக்டர் தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். அவளே படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். பித்தப்பை இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கொஞ்சம் கீழே, வீங்கிய பித்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் கல். இந்த இடத்தைத் தாண்டித்தான் நேற்று கணையத்துக்குப் போயிருக்கிறாள்.

"குழாய்ல கல்லு இருக்கு," என்றாள். தன் குரலே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

"நல்லவேளை, இப்பவே சொன்னே. விட்டிருந்தா சீழ் பிடிச்சிருக்கும். எண்டோஸ்கோப்புலயே எடுத்துடலாம். உங்க சார்கிட்ட நீயே போய்ச் சொல்லிடும்மா."

"சொல்றேன், டாக்டர்."

அப்பா வேறு வழியில்லாமல் படுத்தார். டாக்டர் சட்டையை விலக்கினார். வலது விலாவுக்குக் கீழே பழைய தையல் தழும்பு சாய்வாக நீண்டு ஓடியது.

"இவ்ளோ பெரிய தழும்பை வெச்சுக்கிட்டா ஐயா ஆபரேஷனே இல்லன்னீங்க?"

அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மகள் பக்கம் திரும்பவேயில்லை.

"வயசாயிடுச்சில்ல டாக்டர், மறந்தே போச்சு," என்றார். "பாப்பாகிட்டயும் நான் சொன்னதில்ல. அவளுக்கு எப்படித் தெரியும்?"