நாற்பதாவது ஆள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, லிப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் சமூக ஆய்வு மையம். அதன் இயக்குநர் முனைவர் சிவநேசன், அதாவது நான். பட்டம் வாங்கியதிலிருந்து 'டாக்டர்' என்று கூப்பிட்டால்தான் எனக்குக் காது கேட்கும். மற்றபடி மொத்தப் பட்டாளமும் மகதலேனா ஒருத்திதான். பேட்டி எடுப்பதெல்லாம் அவள். கோபப்படுவது என் இலாகா.

இந்த வருடம் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு. நாற்பது பேர். பெயர் கிடையாது, எண் மட்டும். கடைசி நேரத்தில், பேட்டி தருவதாக இருந்த சுபாங் ஜெயாக்காரர் ஒருவர் ஜகா வாங்கிவிட்டார்.

"கான்ட்ராக்ட்ல இருக்குற யாரையாவது பிடிம்மா. ஒரு ஆளுக்காக ரிப்போர்ட் நிக்கக்கூடாது."

"சரி டாக்டர். என்னோட கான்ட்ராக்ட்? வெள்ளிக்கிழமையோட முடியுது லா."

"ரிப்போர்ட் முடியட்டும். நாம என்ன, ஒரே குடும்பம்தானே?"

வியாழக்கிழமை நாற்பதாவது பேட்டி மேசைக்கு வந்தது. ஆறு வருடமாக ஒரே இடத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம். ஒவ்வொரு தடவையும் கடைசி வாரத்தில் தூக்கம் வராதாம். பிள்ளை பள்ளி மாறவேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாதாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த முதலாளியைக் கிழிகிழியென்று கிழித்து ஒரு பக்கம் எழுதினேன். 'நாகரிக முகமூடி போட்ட சுரண்டல்' என்ற வரியை மட்டும் நான்கு முறை வாய்விட்டுப் படித்தேன்.

"இந்த முதலாளியை நேர்ல பார்த்து நாலு கேள்வி கேக்கணும். எங்க இருக்கு அந்த ஆபீஸ்?"

மகதலேனா கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பிரிக்பீல்ட்ஸ்தான் டாக்டர். லிப்ட் இல்ல. கீழ பூக்கடை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு.

"அந்தப் பேட்டியை எடுத்துரலாமா?"

"டேட்டாவுல கை வைக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஊருக்கு உபதேசம் செய்தே வயிறு வளர்த்தவன் வேறென்ன செய்ய? நிரந்தர வேலை என்று புதுக் கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்லவில்லை. நாற்பதாம் எண் படிவத்தை எடுத்து, 'நிலைமை மாறியதா? காரணம்?' என்ற கடைசிக் கேள்விக்கு நேராக எழுதினாள்:

'மாறியது. முதலாளி என் குறையைப் படித்தார். என் பெயர் இல்லாததால் நம்பினார்.'