கோடு விழாத கார்டு

எங்கள் கம்பெனியில் ஐடி கார்டு அடிக்கும் மெஷினை வாங்க வைத்தது நான்தான். பின்னால் வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன்.

சத்தி ரோட்டில் பம்ப் செட் செய்யும் கம்பெனி அது. இருநூற்று நாற்பது பேர் வேலை செய்கிறோம். நான் கோமளா, ஆட்களின் வருகையும் கார்டும் பார்க்கும் டைம் ஆபீஸில் பதினாறு வருடம். முன்பெல்லாம் காந்திபுரத்தில் ஒரு கடைக்கு போட்டோவும் பெயரும் அனுப்பி கார்டு அடித்து வாங்குவோம். ஒருவர் முகத்துக்குக் கீழே இன்னொருவர் பெயர் இருக்கும். பி பாசிட்டிவ் ரத்தம் ஓ நெகட்டிவ் ஆகிவிடும். திருத்திக் கேட்டால் பத்து நாள். எனக்கு ஆத்திரம் தாங்காது. எம்.டி. சசிதர் சாரிடம் போய், நம்மிடமே ஒரு மெஷின் இருந்தால் அன்றன்றைக்கு அடித்துக்கொள்ளலாம், நம் ஆட்களின் விவரமும் வெளியே போகாது என்று மூன்று மாதம் நச்சரித்தேன். வாங்கிக் கொடுத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கார்டு சம்பந்தமாக எதையும் இனி வெளியே கொடுக்கக் கூடாது, கெட்டுப்போன கார்டையும் வேலையில் இல்லாதவர் கார்டையும் போட்டோவின் நடுவே கத்தரித்து ரிஜிஸ்டரில் பின் அடிக்க வேண்டும் என்றெல்லாம் விதிகளை நானே டைப் செய்து அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். என்ன ஒரு கெட்டிக்காரி.

மெஷினை நான் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பட்டறைத் தூசி வராமல் ஏசி அறையில் தனி மேஜை. மாதம் ஒன்றாம் தேதி உள்ளே சுத்தம். கார்டை ஓரத்தில்தான் பிடிப்பேன், நடுவில் விரல் பட்டால் அந்த இடத்தில் கலர் ஒட்டாது. மேடம் சொந்தப் பிள்ளைக்குக்கூட இப்படி மூக்குத் துடைத்திருக்க மாட்டாங்க என்று ஸ்டோரில் இருக்கும் அனீஸ் கிண்டல் செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். ஒரு புள்ளி இல்லாமல், ஒரு கோடு இல்லாமல் கார்டு சூடாக வெளியே வந்து விழும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கும்.

அந்த மெஷினின் உயிர் அதன் ஹெட். கார்டின் அகலத்துக்கு ஒரு மெல்லிய பட்டை. சூட்டால் ரிப்பனில் உள்ள கலரைக் கார்டில் இறக்குவது அதுதான். அதில் மணல் பருமனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. அதற்கு நேராக, கார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெள்ளைக் கோடு விழும். துடைத்தால் போகாது, ஹெட்டையே மாற்ற வேண்டும்.

இனி பாலுசாமியண்ணனைப் பற்றி. கிரைண்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட் ஆள். கொடுமுடிப் பக்கத்துக்காரர். வார்ப்பு இரும்பைப் பிடித்துப் பிடித்து அவர் விரல்களில் ரேகையே இல்லை. கேட்டில் விரல் வைக்கும் மெஷின் அவரைப் பார்த்தால் சிவப்பு விளக்குத்தான் போடும். கார்டுதான் அவருக்கு வழி.

எங்களிடம் பம்ப் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இந்த வருடம் ஒரு நிபந்தனை போட்டது. நீண்ட காலக் காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்க வேண்டும். ஆடிட் நாளன்று சரியான கார்டோடு கேட்டுக்குள் வருபவர்களின் பெயர்தான் லிஸ்டில் ஏறும். மற்றவர்களுக்கு அன்றோடு காண்ட்ராக்ட்டும் முடிகிறது. அடுத்த லிஸ்ட் சித்திரையில். ஐம்பத்தைந்து தாண்டியவர்களை எடுப்பதில்லை. பாலுசாமியண்ணனுக்கு தையில் ஐம்பத்தைந்து முடிகிறது. ஆக, அவருக்கு இருந்தது ஒரே ஒரு நாள்.

அவருக்கு முன்பே கார்டு அடித்துத்தான் வைத்திருந்தேன். அடர்ந்த முடி, அரிவாள் மீசை, அருமையான கார்டு. வேலை நிரந்தரம் ஆகப்போகிறது என்று கடிதம் கைக்கு வந்த மறுநாளே மனுஷன் பழனிக்குப் போய் முடியையும் மீசையையும் கொடுத்துவிட்டு வந்து நின்றார். வேலை நிரந்தரமானால் மொட்டை போடுவதாக வேண்டுதலாம். ஒத்திகை பார்க்க வந்த ஆடிட்காரர்கள் கார்டைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், இது வேறு ஆள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஆகவே இல்லையே, அதற்குள் என்ன அவசரம் என்று நான் சத்தம் போட்டேன்.

"வேண்டுதலத் தள்ளிப்போடக் கூடாதுங்க அம்மணி" என்றார், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு.

சரி, புதுப் போட்டோ எடுத்தேன். அது ஆயுத பூஜை அன்று காலை. புதன்கிழமை. மறுநாள் விஜயதசமி விடுமுறை. வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஆடிட். உடனே அடித்துத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியும். பத்து நிமிட வேலை. ஆனால் பூஜைக்காக மெஷினைத் திறந்து சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பூஜை முடிந்து ஓடும் மெஷினில் முதல் கார்டு அவருடையதாக இருந்தால் நல்லதாயிற்றே என்று எனக்கு ஒரு நினைப்பு.

"பூஜை முடிஞ்சு மொதக் கார்டே உங்களுதுதானுங்கண்ணா" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பூஜைக்குப் பெரியம்மா வந்தார். வரலட்சுமி அம்மா, கம்பெனியை ஆரம்பித்த பெரியவரின் மனைவி, சசிதர் சாரின் அம்மா. லேத், கிரைண்டர், எடை போடும் தராசு என்று ஒன்றைக்கூட விடாமல் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். என் அறைக்கும் வந்தார். மெஷின் மூடி திறந்திருந்தது.

இதில் எது முக்கியமான பாகம் என்று கேட்டார். பெருமை என்னை விடவில்லை. இதுதானுங்கம்மா என்று ஹெட்டைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் அங்கேயே வைத்தார். ஈரச் சந்தனம், அதன்மேல் அழுத்தி ஒரு குங்குமம். சிந்திய குங்குமம் உள்ளே ரோலர்மேல் விழுந்தது. அம்மா என்று வாய் திறந்தேன். ஆயுத பூஜை நாளில் அந்த அம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னவர் எங்கள் கம்பெனியில் யாரும் இல்லை. அடுத்து என் நெற்றிக்கும் வைத்தார். நான் கண்ணை மூடிக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் பொரி வாங்கப் போனதும் துடைத்தேன். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்கத் துடைக்க ஏதோ நறநறவென்றது. குங்குமத்தில் இருந்த பொடியா, சந்தனத்தில் இருந்த கல்லா தெரியாது. கீறியது பெரியம்மாவின் விரலா, என் கையா, அதுவும் தெரியாது.

முதல் கார்டு வெளியே வந்தது. எங்கள் கார்டில் மேல்பட்டையில் பெரியவர் போட்டோவும் கம்பெனி பெயரும் இருக்கும். கீழே இடப்பக்கம் தொழிலாளி முகம், வலப்பக்கம் பெயரும் நம்பரும். வெள்ளைக் கோடு சரியாகப் பாலுசாமியண்ணனின் இரண்டு கண்களின் மேலும் ஓடியிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டதுபோல் இருந்தது.

ரிப்பனில் இன்னும் மூன்று கார்டுக்குத்தான் இருந்தது. மெஷின் விற்றவர்களுக்குப் போன் செய்தேன். பூஜை விடுமுறை, சனிக்கிழமைதான் கடை திறப்போம் என்றார்கள். காந்திபுரம் கடைக்கே கொடுக்கலாமென்றால், வெளியே கொடுக்கக் கூடாது என்று விதி எழுதியவளே நான்தான்.

மறுநாள் விடுமுறையிலும் போனேன். மறுபடி துடைத்து இரண்டாவது அடித்தேன், அதே கோடு. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. கோடு விழும் இடம் மாறாது, ஆனால் படத்தைத் தலைகீழாகத் திருப்பி அடித்தால் கோடு கார்டின் மேல்பக்கம் போய்விடும். மூன்றாவதை அப்படி அடித்தேன். பாலுசாமியண்ணனின் முகம் தெளிவாக வந்தது. மொட்டைத் தலையின் பளபளப்புகூடத் தெரிந்தது. கோடு மேலே, பெரியவரின் நெற்றியில்.

ஆட்டோ பிடித்து சசிதர் சாரின் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை, காபி கொடுத்து உட்கார வைத்தார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவர் போட்டோவை மட்டும் எடுத்துவிட்டு அடிக்கட்டுமா என்று கேட்டேன். சாம்பிள் கார்டு வெளிநாட்டுக்குப் போய் ஒப்புதல் வாங்கியாயிற்று, எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும், மாற்ற முடியாது என்றார். அப்படியானால் இதையே கொடுத்துவிடலாம், கோடு பெரியவர் நெற்றியில்தானே, ஆளை அடையாளம் பார்க்க அது தடையில்லை என்றேன்.

"அப்பா நெத்தியில கோடு இழுத்த கார்டை எப்படிங்க ஒரு ஆளு கழுத்துல மாட்ட உடறது? அம்மா பாத்தா தாங்குவாங்களா?"

"அம்மா வெச்ச பொட்டுனாலதானுங்க சார்..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துப் பூஜை அறையிலிருந்து பெரியம்மா தட்டில் பலகாரத்தோடு வந்தார். மெஷின் நன்றாக ஓடுகிறதா கோமளா என்று கேட்டார்.

"ஓடுதுங்கம்மா" என்றேன்.

சசிதர் சார் என்னைப் பார்க்கவில்லை. கார்டை டிராயரில் போட்டுப் பூட்டினார். நாளைக்கு அவரை லீவு போடச் சொல்லிவிடுங்கள், அடுத்த லிஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சித்திரைக்கு முன்னால் தை வருகிறது சார் என்றேன். நினைவிருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

திரும்ப ஆபீஸ் வந்து வெறியில் மறுபடி அதே கார்டுக்குக் கட்டளை கொடுத்தேன். நேராக அடித்தால் மறுபடியும் கண்ணில்தான் கோடு விழும் என்று உறைத்ததும் பயந்துபோய் மூடியைத் திறந்து ரிப்பனை உருவிவிட்டேன். கடைசிக் கார்டை வீணாக்க மனம் வரவில்லை.

லீவு போடும்படி நான் அவரிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கேட்டில், நான் கொடுத்த, கண்ணில் கோடு போட்ட கார்டை மாட்டிக்கொண்டு பாலுசாமியண்ணன் வரிசையில் நின்றார். வெள்ளைச் சட்டை, தலையில் சந்தனம். ஆடிட்காரர் சின்ன வயசு. கார்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மெஷின் கோளாறு, ஆள் இவர்தான், பதினாறு வருடமாக எனக்குத் தெரியும் என்று நான் முன்னால் போய்ச் சொன்னேன்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் மேடம். நான் கார்டைத்தான் பார்க்க முடியும்" என்றார் மரியாதையாக.

விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று தடவையும் சிவப்பு. பாலுசாமியண்ணன் தன் விரல்களை என் பக்கம் திருப்பிக் காட்டினார், ஏதோ அவர் தப்பு செய்துவிட்டதுபோல. பிறகு வரிசையை விட்டு விலகி, பின்னால் இருந்தவருக்கு வழி விட்டார். ஆடிட்காரர்களின் கார் கிளம்பும்வரை எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என் ஜன்னலில் தெரிந்தது. நான் ஜன்னலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை, அவரிடம் போகவும் இல்லை. போய் என்ன சொல்வது?

திங்கட்கிழமை சர்வீஸ் ஆள் வந்து ஹெட்டை மாற்றினார். ரிப்பனை மாட்டி மூடியை மூடியதும், நான் எதையும் அழுத்தாமலே மெஷின் ஓட ஆரம்பித்தது. அன்று உருவி நிறுத்திய வேலை கம்ப்யூட்டரிலேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கார்டு சூடாக வந்து விழுந்தது. மேலே பெரியவர், கீழே பாலுசாமியண்ணன். ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. இவ்வளவு அழகாக அந்த மெஷினில் நான் ஒரு கார்டுகூட அடித்ததில்லை. சர்வீஸ் ஆள் சூப்பர் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அன்று மத்தியானமே பாலுசாமியண்ணன் லாக்கர் சாவியைக் கொடுக்க வந்தார். கார்டை மறைத்திருக்கலாம். மேஜையிலேயே வைத்திருந்தேன். குனிந்து பார்த்தார்.

"இத நா வெச்சுக்கட்டுங்களா அம்மணி?"

முடியாது என்றேன். ஒவ்வொரு கார்டுக்கும் நம்பர் உண்டு, வேலையில் இல்லாதவர் கார்டு வெளியே போகக் கூடாது, கத்தரித்து ரிஜிஸ்டரில் பின் அடிக்க வேண்டும் என்று விதியைச் சொன்னேன். யார் எழுதிய விதி என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தரிக்கோலைத் தேடுவதுபோல டிராயருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"வெட்டறதுன்னா மூஞ்சிய உட்டுப்போட்டு வெட்டுங்க அம்மணி."

கத்தரியை முகத்துக்கும் பெயருக்கும் நடுவில் வைத்து வெட்டினேன். வெட்டு கோணலாகப் போனது. முகம் ஒரு துண்டு, பெயரும் நம்பரும் ஒரு துண்டு. இரண்டையும் ரிஜிஸ்டரில் பின் அடித்தேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க" என்றார்.

சாவியை மேஜைமேல் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, எப்போதும் ஷிப்ட் முடிந்து போகும்போது சொல்வதுபோலவே, "வாரேனுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.