குப்புற ஏழு நாள்

சீனுவாசனுக்கு இடது கண் சின்ன வயதிலேயே முள் குத்திப் போய்விட்டது. நாற்பத்திரண்டு வயதில், மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், வலது கண்ணிலும் கறுப்பாகத் திரை இறங்கியது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள்.

"பிரிஞ்ச விழித்திரைய ஒட்டி, கண்ணுக்குள்ள காத்து அடைச்சிருக்கோம். ஏழு நாள் குப்புறவே படுக்கணும். தலையைத் தூக்கினீங்கன்னா ஒட்டினது விட்டுடும்" என்று சொல்லி, டாக்டர் கண்ணைக் கட்டி அனுப்பினார்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் வீடு. மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் அவனும் மனைவி செண்பகமும்தான்.

முதல் நாளைத் தூங்கிக் கழித்தான். இரண்டாம் நாள் கை தானாகத் தலையணைக்கு அடியில் துழாவியது. போன் இல்லை. செண்பகம் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். மோட்டார் கொட்டகையில் கரண்டுக்குக் காத்திருக்கும்போதும், சோற்றுத் தட்டின் முன்னாலும், கக்கூசிலும்கூட அவனுக்கு அதுதான் துணை.

"உன் போனையாவது சத்தமா வையேன்."

ரீல்ஸ் வைத்தாள். ஒரு பெண் அழுதாள். சட்டென்று ஒரு பாட்டு. யாரோ சிரித்தார்கள். உடனே மீன் குழம்பு.

"அந்தப் பொண்ணு எதுக்கு அழுதுச்சி?"

"தெரியல. தள்ளிட்டேன்."

"முழுசா வையேன்."

"அது அவ்ளோதான் இருக்கும்."

மூன்றாம் நாள் போனை அணைக்கச் சொன்னான். "எதுனா பேசிக்கினு இரு."

"இன்னா பேசறது?" அவள் யோசித்தாள். எதிர்வீட்டு அம்சாவின் மாடு கன்று போட்டிருந்தது. காளைக் கன்று. அதோடு தீர்ந்துவிட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்தான் பேசியது.

ஐந்தாம் நாள் மதியம் அவள் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தாள். மணி என்னவென்று தெரியவில்லை. போனில் பார்த்ததையாவது நினைத்துப் பார்க்கலாம் என்று முயன்றான். வருடக்கணக்காகப் பார்த்தவன். ஒரு முகம், ஒரு பாட்டில் இரண்டாவது வரி, எதுவும் வரவில்லை. "செண்பகம்!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். பிறகு எழுந்துவிட்டான்.

அவள் திரும்பியபோது, வாசலில் வெயிலில் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தான்.

"யோவ், குனி! தலைய குனிய்யா!"

"கண்ணு போனா போவுது. என்னால முடியல. உள்ள ஒண்ணுமே இல்ல, செண்பகம். பயமா இருக்குது."

மண் ஒட்டிய கையால் அவன் பிடரியை அழுத்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

எட்டாம் நாள் டாக்டர் கட்டை அவிழ்த்து வெகுநேரம் பார்த்தார். ஓரம் விட்டிருந்தது. அடுத்த வாரம் இன்னொரு ஆபரேஷன். அதன்பின் பதினாலு நாள் குப்புற.

திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைப் பதித்து உட்கார்ந்திருந்தான். பஸ் கிளியனூரைத் தாண்டியது.

"வெளிய இன்னா தெரியுது?" என்று கேட்டான்.

செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "சவுக்குத் தோப்பு. ஒரு ஆளு ஸ்கூட்டியில புல்லுக்கட்டு வெச்சிக்கினு போறான். கட்டு ஒரு பக்கமா சாயுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. வெறும் ரோடுதான்."

"அதையே சொல்லு" என்று அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.