மூன்று பின் அநாதை

சந்தையில் பழைய பிளக், கனெக்டர்களைக் கிலோ கணக்கில் வாங்கி வருவேன். வந்ததும் மூட்டையைக் கூடத்தில் கொட்டி, வயர்களை வெட்டிவிட்டு முனைகளை மட்டும் டப்பாக்களில் போட்டு வைப்பேன். இதை நான் சேகரிப்பு என்கிறேன். என் மனைவி சொல்லும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அவளுக்கு என் டப்பாக்கள் இருக்கும் அலமாரி வேண்டும். அவளுடைய தையல் மெஷின் மூன்று மாதமாக ஓடாமல் கூடத்துச் சாப்பாட்டு மேசையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் கால் பெடலைக் காணோம். மெஷினை இரவல் வாங்கிப் போன தங்கைதான் தொலைத்துவிட்டாள் என்று இவள் முடிவு கட்ட, நானும் கூடச் சேர்ந்து ஆமாம் போட, அக்காவும் தங்கையும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

“ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம்” என்றாள். “ஒவ்வொண்ணுக்கும் பேர் என்ன, எத்தனை பின், எதுல பொருந்தும்னு சீட்டு ஒட்டுங்க. ஒண்ணே ஒண்ணு பேர் தெரியாம இருந்தாலும் மொத்தமும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.”

முதுகு ஒடிய ஒட்டினேன். ஞாயிறு நாலு மணிக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. கறுப்பு பிளக், மூன்று பின், ஒரு மூலை மட்டும் மழுங்கியிருந்தது. பக்கத்து வீட்டு மீட்டரைக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் போனாலும் சட்டைப் பையில் மல்டிமீட்டரோடு போகிற மனிதர் என்பதால் அந்தப் பெயர்.

தடவினார், முகர்ந்தார், மீட்டரை வைத்துப் பார்த்தார். “ராணுவ ரேடியோவா இருக்கும். இல்லன்னா ஆஸ்பத்திரி சாமான். சாதாரண வீட்டுல புழங்கற பொருளே இல்ல இது” என்று அடித்துச் சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எதற்கும் வீட்டில் உள்ள எல்லா ஓட்டையிலும் சொருகிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். டிவியில் போகவில்லை. பிரிண்டரில் போகவில்லை. போகிற போக்கில் மீட்டர் அதைத் தையல் மெஷினில் வைத்தார். டக்கென்று உட்கார்ந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூட்டையைக் கொட்டுவது இந்த மேசையடியில்தான். இரண்டு கையாலும் அள்ளியபோது கீழே கிடந்த பெடலும் சேர்ந்து வந்திருக்கிறது. வழக்கம்போல வயரை வெட்டியிருக்கிறேன். வெட்டிய பெடல், காலில் பின் குத்தும் என்று மனைவி காலே வைக்காத என் அறையில், கதவுக்கு முட்டாகக் கிடக்கிறது. இன்னதென்றே தெரியாமல், நல்ல முட்டு கிடைத்தது என்று மீட்டரிடம் பீற்றிக்கொண்டது வேறு.

“தெரியலன்னே சொல்லிடுங்க” என்று மீட்டர் காதைக் கடித்தார்.

தெரியவில்லை என்றால் ஆயிரத்து இருநூறு கனெக்டரும் போகும். தெரியும் என்றால் நான் போவேன். அழுகையே வந்துவிட்டது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சீட்டை எழுதினேன்: “பெடல் பிளக். மூன்று பின். பொருந்தும் இடம்: நம் வீட்டுத் தையல் மெஷின்.” பெடலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பின்னால் அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மனைவி படித்தாள். உடனே தங்கைக்கு போன் போட்டாள். “பெடல் கிடைச்சிருச்சுடி. நீ இல்ல. திருடன் வீட்டுக்குள்ளயேதான் இருந்திருக்கான்.” பிறகு புதுச் சீட்டு ஒன்று எழுதி என் சட்டையில் ஒட்டினாள். “பெயர்: கணவர். பின்: ஒன்று கழன்றது. பொருந்தும் இடம்: தெரியவில்லை.”

“அப்ப சட்டப்படி இவரும் இரும்புக் கடைக்குத்தானேம்மா?” என்றார் மீட்டர். என் நண்பராம்.

“அஞ்சரை வரைக்கும் டைம் தரேன்ணே.”

சீட்டோடு உட்கார்ந்து, பிளக்கைப் பிரித்து, பெடல் வயரைப் பற்றவைத்தேன். அவள் காலை வைத்து அழுத்தினாள். மெஷின் கடகடவென்று ஓடியது. பழைய துணி ஒன்றில் நீளமாக ஒரு தையல் ஓட்டிப் பார்த்தாள். பிறகு பேனாவோடு வந்து என் சட்டையில் கடைசி வரியை அடித்துவிட்டு எழுதினாள்: “இந்த வீடு மட்டும். வேறு எதிலும் போகாது.”