எதிர்வீட்டுக்குப் போன பை

பைக்கு மின்விசிறி போட்டிருக்கிறார்கள், எதிர்வீட்டுக் கூடத்தில், வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில், என் பச்சைப் பயணப்பை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, காபிக்குக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி, என் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினால் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் திருநகரின் இந்தச் சின்னத் தெரு, தெருவுக்கு அப்பால் ஜெசிந்தா டீச்சரின் திறந்த கதவு, அதற்குள் அது, அங்கே அது சுகமாகக் காற்று வாங்குகிறது, இங்கே நான் மல்லாந்து கிடந்து வியர்க்கிறேன், ஒங்க பைக்கு மூச்சு முட்டிரக்கூடாதுல்லக்கா, அதான் ஃபேனைப் போட்டுவிட்டேன் என்று டீச்சர் தெருவுக்குக் குறுக்கே கத்துகிறார், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷி, எங்கள் சாஸ்திரத்தை எங்களைவிட ஒழுங்காக நடத்துகிறார், நான் பதிலுக்குக் கத்தப் பார்க்கிறேன், வெறும் காற்றுதான் வருகிறது, ஏனென்றால் என் பல்செட்டும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் ஆகிறது, சமையலறையில் சிந்திக்கிடந்த மாவில் கால் வைத்தேன், அவ்வளவுதான், தகடு வைத்து ஆணி இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள், அன்றிலிருந்து என் உலகம் கட்டிலிலிருந்து நாற்காலி வரை, அதுவும் என் மருமகள் மேகலா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால்தான், வாக்கர் என்கிற நாலுகால் கம்பி சுவரோரம் நின்று ஈரத்துண்டு காயப்போட உதவுகிறது, இப்பிடியே கெடந்தா காலுல பெலம் பூரா போயிரும்மா, ஆறு வாரம் எங்ககிட்ட வந்து தங்குங்க, தெனம் ரெண்டு வேளை பயிற்சி, தானா நடந்து வீட்டுக்குப் போவீங்க என்று அழகர்கோவில் ரோட்டு மறுவாழ்வு மையத்துப் பெண் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது, மறுவாழ்வு மையமா, வீட்ல யாருங்க குடிக்கிறது என்று பால்காரர் கேட்டார், நான்தான் என்றேன், மனுஷன் அன்றைக்குப் பால் அளக்கவே மறந்துபோனார். மையத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது, முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி ஆறு, ஒவ்வொன்றிலும் பேர் எழுதியிருக்க வேண்டும், குதிகாலில் பட்டை வைத்த ரப்பர் செருப்பு, எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, நகை எதுவும் வேண்டாம், மேகலா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நைட்டியின் கழுத்துக்குள்ளும் மார்க்கர் பேனாவால் என் பேரை எழுதுகிறாள், குனிந்த தலையில் வகிட்டோரம் நரை, மாவில் நான் வழுக்குவதற்கு முன்பு அது இல்லை, ஸ்கேன் சென்டர் வேலைக்குச் சம்பளமில்லாத லீவு போட்டிருக்கிறாள், புதன்கிழமை வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவோம் என்று அவர்கள் போனில் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனுக்குள் பழகிய காது இது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒருத்தி அழுதால் தண்ணீர் எது, அழுகை எது என்று பிரித்துவிடும், மேகலா தினமும் காலை பத்தேகாலுக்கு, என் பெட்பேனைக் கழுவிவிட்டு, அழுகிறாள்.

என் மகன் பூபாலனுக்குத்தான் மனசு வரவில்லை, பெத்த தாயைக் கொண்டுபோயி எங்கிட்டோ தள்ளிட்டான்னு ஊரு பேசும்மா என்கிறான், படுக்கை செவ்வாய்க்கிழமைதான் காலியாகும், அன்று பதினோரு மணிக்குள் வராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மையத்தில் சொன்னதும் அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது, செவ்வாக்கெழமையில யாராச்சும் வீட்டைவிட்டுக் கெளம்புவாங்களா, இன்னும் ரெண்டு மாசம் போகட்டும், வேற எடம் பாப்போம், காலண்டர் தாளைக் கிழிக்கக்கூடச் சோம்பல்படுகிற பயல் திடீரென்று பஞ்சாங்கம் பேசுகிறான், நான் விடுவேனா, அப்ப பரஸ்தானம் வச்சுருவோம்டா என்றேன், நாள் சரியில்லாதபோது அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்துப் பயணப்பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது, பை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி, அதன்பின் எந்தக் கிழமையில் போனாலும் தோஷமில்லை, ஆனால் ஒன்று, வெளியே போன பை பயணம் முடியாமல் வீட்டுக்குள் திரும்பக்கூடாது, எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான், ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு மேகலா பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள், மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஒன்றுவிடாமல் எடுத்துவைத்த மகராசி பல்செட் டப்பாவையும் சேர்த்து வைத்துவிட்டாள், அய்யய்யோ அத்தை, ஓடிப்போயி எடுத்துட்டு வந்துர்றேன், உஹூம், அதுலருந்து ஒரு ஊக்குகூட உள்ள வரக்கூடாதுடி, கஞ்சியைக் காச்சு, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இரண்டு மாதத்தில் அவளுடைய முதல் சிரிப்பு, பல்லில்லாத நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாத்திரை போட்டால் பட்டப்பகலிலேயே கண் சொருகுகிறது, சொருகியதும் பச்சைப் பை பழுப்பாகிறது, பழைய துணிப்பை, என் மாமியாருடையது, எனக்கு முப்பத்தைந்து வயது, இதே வீடு, இதே ஜன்னல், இதே இடத்தில் கட்டில் போட்டு மாமியார் கிடக்கிறார், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய், நான் ஷிப்டு முடிந்து வந்து அவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, மறுபடி ஷிப்டுக்கு ஓடுகிறேன், மூன்றாவது வருஷம் நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னாள், அம்மாவை ஆறு மாசம் நான் வச்சுப் பாக்குறேன் அண்ணி, நீங்களும் மனுஷிதானே, அன்றைக்கும் நாள் சரியில்லை, அந்தப் பையை இதே எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தேன், அப்போது அங்கே ஒரு போஸ்ட்மாஸ்டர் குடும்பம், இரண்டு நாள் நான் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன், மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர், ஊரு என்ன சொல்லும், போயி எடுத்துட்டு வந்துரு என்றார், அவர் போய்ச் சேர்ந்தும் அந்த வார்த்தை போகவில்லை, மகன் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது, என் கையாலேயே பையை எடுத்துவருகிறேன், தெருவைக் கடக்கிறேன், கடந்துகொண்டே இருக்கிறேன், தெரு முடியமாட்டேன் என்கிறது, பை கனத்துக்கொண்டே போகிறது, உள்ளே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், வெளியே வந்தால் மாமியார் என்னையே பார்க்கிறார், கோணிய வாயால் என்னமோ சொல்கிறார், கரகரக்கும் வெளியூர் ட்ரங்க் கால் பேச்சில் அரைச்சொல்லைக்கூடப் பிடித்துவிடுகிற எனக்கு அது மட்டும் விளங்கவில்லை, அதற்கப்புறமும் நாலு வருஷம், ஒருநாள் ஊட்டிய சோற்றை அவர் துப்பினார், நான் கன்னத்தில் அறைந்துவிட்டேன், ஆமாம், அறைந்தேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது குழாய் ஓடுகிறது, உள்ளே அழுவது நானா மேகலாவா, கட்டிலில் கிடப்பது அவரா நானா, கோணிய வாயால் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னைய அனுப்பிச்சுரு தாயி, நீ பொழச்சுக்க, அதைத்தான் சொல்லியிருப்பார், முப்பது வருஷம் கழித்து இப்போது விளங்குகிறது, விழித்தால் வாயோரம் எச்சில், ஜன்னலில் திங்கட்கிழமை வெயில் இறங்கியிருக்கிறது, எதிர்வீட்டு நாற்காலி காலியாக இருக்கிறது, பையைக் காணோம்.

தெரு நடுவில் பூபாலன் வருகிறான், கையில் என் பை, தம்பி, வேணாம் தம்பி, போனது திரும்பக்கூடாதாம்ல என்று டீச்சர் பின்னாலேயே ஓடிவருகிறார், அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், எனக்கு மனசு கேக்கலை என்கிறான், மேகலா வாசலில் நிற்கிறாள், கதவைப் பிடித்திருக்கும் கை மட்டும் எனக்குத் தெரிகிறது, அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும், அது என் கை, அதற்கப்புறம் நடந்தது வரிசையாக ஞாபகமில்லை, வாக்கரில் காய்ந்த துண்டை இழுத்துப் போட்டது ஞாபகம், வாக்கர், பிறகு நோவுள்ள கால், பிறகு நல்ல கால், மறுபடி வாக்கர், இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலி, அடியாத்தீ என்று ஒரு சத்தம், அது நான்தான், கட்டிலிலிருந்து வாசல் பதினோரு எட்டு, பதினோரு எட்டையும் யார் கையையும் பிடிக்காமல் வைத்தேன், அத்தை என்று மேகலா பதறி வந்தாள், தொடாத என்றேன், நிலைப்படிக்கு நடுவே வாக்கரை ஊன்றி நின்றேன், நின்றால் வாசல் முழுக்க நான்தான், உள்ள கொண்டுவராதடா, அம்மா, நீ எப்பிடிம்மா நடந்து, உள்ள கொண்டுவராதங்கிறேன், பல்லில்லாத வாயில் பாதி சொல் எச்சிலாகத்தான் வந்தது, ஆனாலும் எல்லோருக்கும் விளங்கியது, ஊரு பேசுமாம்ல ஊரு, அந்த ஊரை ஒருநாள் வந்து என் பெட்பேனைக் கழுவச் சொல்லு, அப்பறமாப் பேசட்டும், யாரு மேலயும் கோவிச்சுக்கிட்டுப் போகலைடா, எனக்கே போகணும்னு ஆசையா இருக்கு, நடந்து திரும்பி வரணும்னு இருக்கு, இந்தப் பிள்ளையை நான் அழ வச்சது போதும். பூபாலன் பையோடு அங்கேயே நின்றான், நாற்பத்திரண்டு வயது ஆம்பளை நடுத்தெருவில் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அங்க ஒனக்குச் சாப்பாடு ஒத்துக்குமான்னுதாம்மா யோசிச்சேன் என்றான், பல்லைக் குடுத்தா எல்லாம் ஒத்துக்கும், போ, இருந்த எடத்துல வையி, டீச்சர் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைத்து மறுபடி ஃபேனைப் போட்டார், அதற்கப்புறம்தான் மேகலா பின்னால் தள்ளிய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன், ஒங்களை அனுப்பணும்னு நான் நெனைக்கலை அத்தை என்றாள், நெனைச்சாலும் தப்பில்லடி, நான் நெனைச்சிருக்கேன், அவள் என் தோளில் நெற்றியை வைத்து அழுதாள், குழாயைத் திறக்காமலேயே.

செவ்வாய் காலை ஒன்பதரைக்குக் கார் வந்தது, நானும் வாரேன் என்று மேகலா செருப்பைத் தேடினாள், நீ வேணாம், அவன் வரட்டும், நாளைக்கு ஒனக்கு வேலை இருக்கு, இன்னைக்கு ஒருநாள் சும்மா இரு, சும்மான்னா என்ன அத்தை செய்யணும் என்றாள், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள், நான் பின் இருக்கையில் ஏறி உட்கார அரைமணி நேரம் ஆனது, டீச்சர் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார், அந்த மின்விசிறிக் காற்றில் அது சில்லென்று இருந்தது, ஜிப்பைத் திறந்து முதல் காரியமாகப் பல்லை மாட்டிக்கொண்டேன், மேலாக இருந்த நைட்டியின் கழுத்தில் என் பேர், மேகலாவின் குண்டு குண்டு எழுத்தில், போயிட்டு வாரேன் என்றேன், பல் இருந்ததால் தெருவுக்கே கேட்டது, பூபாலன் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினான், டிரைவர் தெருமுனை வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார், மறுபடி எங்கள் வீட்டைத் தாண்டும்போது மேகலாவைப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தேன், எங்கள் வாசலில் அவள் இல்லை, எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது, கூடத்தில், வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில், பை இருந்த இடத்தில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் மடியில் போட்டு, கண்ணை மூடி, உள்ளே டீச்சர் காபி கலக்கும் சத்தம் கேட்டது, அவளுக்கும் மின்விசிறி போட்டிருந்தார்.